செடி வளர்க்கக் கடைக்கு எதற்குப் போகிறோம்?



வீட்டுத் தோட்டம் என்றால் காசை மிச்சப்படுத்துகிற சமாசாரம் என்றுதான் நம் தலைமுறைக்குத் தெரியும். சோறு பொங்குகிற வீட்டில் கழுநீர் இருக்கும். கழுநீர் போகிற வழியில் ஒரு வாழை இருக்கும். வாழைக்குப் பக்கத்தில் நாலு சேம்பு இருக்கும். யாரும் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியதில்லை. இன்றைக்கு அதே தோட்டம் காசைக் கரைக்கிற சமாசாரமாக மாறிவிட்டது. செடி வைக்க ஆசைப்படுகிறவர் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் செல்போனைத் தொடுகிறார். இரண்டு நாளில் அட்டைப் பெட்டி வந்து இறங்குகிறது. பெட்டிக்குள் பை இருக்கிறது, பைக்குள் போடத் தூள் இருக்கிறது, தூளின் மேல் ஊற்றப் பாட்டில் இருக்கிறது. கேட்டால் இயற்கை வாழ்க்கைக்குத் திரும்புகிறோம் என்கிறார்கள்.

நான் இதை எதிர்க்கிறேன். யாருடைய வியாபாரத்தையும் கெடுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. கோயமுத்தூரில் வியாபாரத்தைப் பழிக்கிறவன் பிழைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சும்மா கிடைக்கிற ஒன்றை விலைக்கு விற்க வேண்டுமானால், அது சும்மா கிடைக்கும் என்பதை மக்கள் முதலில் மறக்க வேண்டும். அந்த மறதிதான் இன்று நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. என் சண்டை அதோடுதான்.

எங்கள் தெருவில் என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். கணக்கு எழுதாமல் ஒரு தீப்பெட்டி கூட வாங்காதவர். சென்ற வருடம் மாடித் தோட்டம் போட்டார். அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். க்ரோ பேக் 24. கோகோ பீட் கட்டி 6. மண்புழு உரம் 4 மூட்டை. பச்சை நிழல் வலை, அதைக் கட்ட இரும்புக் குழாய், குழாயை நட்டுக்கொடுத்த ஆளுக்குக் கூலி. சொட்டுநீர்க் குழாய் ஒரு செட். விதைப் பாக்கெட் 20. பஞ்சகவ்யம் ஒரு பாட்டில், மீன் அமிலம் ஒரு பாட்டில், வேப்பெண்ணெய் ஒரு பாட்டில். மொத்தம் 16,400 ரூபாய். நாலு மாதத்தில் எடுத்த மகசூலையும் அவரே எழுதி வைத்திருந்தார். தக்காளி 5 கிலோ, கத்தரிக்காய் 3 கிலோ, கீரை பதினைந்து கட்டு, கொஞ்சம் பச்சை மிளகாய். உழவர் சந்தை விலைக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

"மனசுக்குச் சந்தோஷம் சார், அதுக்கு விலை உண்டா?" என்றார். சந்தோஷம் உண்மைதான். காலையில் எழுந்ததும் பூ விட்டிருக்கிறதா, பிஞ்சு இறங்கியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த சந்தோஷத்தை அவருக்குக் கொடுத்தது தக்காளிச் செடி. அதற்கான பில்லை அனுப்பியது வேறு யாரோ. பங்குனி வெயிலில் செடிகள் வாடின. மறுபடி கட்டி வாங்கு, உரம் வாங்கு என்று ஆரம்பித்தபோது அவர் விட்டுவிட்டார். இன்று அந்த 24 பைகளும் மாடி மூலையில் மடிந்து கிடக்கின்றன. அவருக்குச் செடி மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். செலவுதான் அலுத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்றதால் ஒன்று போனபோது மற்றதும் போயிற்று.

இந்தக் கிட் வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கோகோ பீட். இது தேங்காய் மட்டையிலிருந்து கயிற்று நார் எடுக்கும்போது உதிர்கிற தூள். நமக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியில் மலை மலையாகக் கிடந்த கழிவு. ஐந்து கிலோ கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்தால் அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், எடையும் குறைவு. இவ்வளவும் உண்மை. ஆனால் அதில் செடிக்குச் சோறு இல்லை. தழைச்சத்து மிகக் குறைவு. கழுவாத தூளில் உப்பு வேறு இருக்கும். கழுவினால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கயிறு ஆலைகளுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களைக் கேளுங்கள், கிணற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பற்றிச் சொல்வார்கள். நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் கழிவைச் சிப்பிக் காளான் விதையும் யூரியாவும் சேர்த்து மக்க வைத்து உரமாக்கத்தான் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மக்காத தூளில் நேராகச் செடியை வைத்தால் அது பட்டினி கிடக்கும்.

பட்டினி கிடக்கிற செடிக்கு என்ன வேண்டும்? உரம். ஆகவே மண்புழு உரம் வாங்குகிறோம். நீர் ஊற்ற ஊற்ற அந்தச் சத்து கரைந்து பையின் ஓட்டை வழியாகப் போகிறது. ஆகவே பாட்டில் வாங்குகிறோம். சத்தில்லாமல் நோஞ்சானாக வளர்ந்த செடியில் மாவுப்பூச்சி ஏறுகிறது. ஆகவே இன்னொரு பாட்டில். இரண்டு மூன்று வருட வெயிலில் பை இற்றுப் போகிறது. ஆகவே புதுப் பை. ஒவ்வொரு பொருளும் அடுத்த பொருளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது, மருந்து சாப்பிட்டு வயிறு கெட்டால் வயிற்றுக்கு ஒரு மருந்து எழுதுவது போல.

நம் வீட்டுப் பொடக்காலித் தோட்டம் இப்படி இயங்கவில்லை. அது வட்டமாக ஓடியது. காய் அடுப்படிக்கு வரும், தோல் மண்ணுக்குப் போகும், மண் மறுபடி காயைக் கொடுக்கும். பழுத்த காயில் ஒன்றை விதைக்கு விடுவார்கள், அந்த விதை அடுத்த பட்டத்துக்கு வரும். இந்த வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டினால் போதும், ஒருபக்கம் கடை, மறுபக்கம் குப்பைக்கிடங்கு என்று ஆகிவிடும். இப்போது நடப்பது அதுதான். காலையில் விசில் அடித்துக்கொண்டு வருகிற மாநகராட்சி வண்டியில் காய்கறித் தோலையும், வாழைப்பழத் தோலையும், உதிர்ந்த இலையையும் கொட்டுகிறோம். அது வெள்ளலூர் கிடங்குக்குப் போய் நாறுகிறது, கோடையில் தீப்பிடித்துப் புகைகிறது. அன்று மாலையே உரம் வேண்டும் என்று காசு கொடுத்து மூட்டை வாங்கி வருகிறோம். உரத்தைச் சும்மா கொடுத்துவிட்டு உரத்தை விலைக்கு வாங்குகிற புத்திசாலித்தனத்தை நம் பாட்டிமாரிடம் சொல்லிப் பாருங்கள்!

இரண்டு பழைய பெயின்ட் பக்கெட் போதும். அடியிலும் பக்கவாட்டிலும் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் அன்றன்று சேரும் காய்கறிக் கழிவு, அதை மூடும் அளவுக்கு மறுபடி காய்ந்த இலை. இப்படி அடுக்கடுக்காக. நடுவில் ஒரு கரண்டி புளித்த மோர் அல்லது கொஞ்சம் சாணிக் கரைசல். இதற்கென்று விற்கிற பொடி எதுவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை கிளறி விடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் இரண்டு கை இலை போடுங்கள். ஒரு பக்கெட் நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள். இரண்டு மாதத்தில் முதல் பக்கெட்டில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் இருக்கும். சமைத்த மீதி, எண்ணெய், எலும்பு மட்டும் போடக்கூடாது, எலி வரும்.

காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மாசி, பங்குனியில் நம் தெருக்களில் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் கொட்டுகிற இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசித்து இருமுகிறோம். அதில் நாலு சாக்கு அள்ளி வைத்தால் வருடம் முழுக்கப் போதும். மக்கிய இலை தண்ணீரைப் பிடிப்பதில் தேங்காய் நார்த்தூளுக்கு இளைத்ததில்லை. கூடவே சத்தும் கொடுக்கும்.

அடுத்தது பை. வேருக்கு இடம் வேண்டும், வடிகால் வேண்டும். இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும். பையின் நிறமும் அதில் அச்சடித்திருக்கிற பெயரும் அதற்குத் தெரியாது. கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடி. இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் ஒரு கத்தரிச் செடி ராஜா மாதிரி வாழும். பழக்கடையில் தூக்கி எறிகிற தெர்மாகோல் பெட்டியில் அரைக்கீரை, தண்டுக்கீரை. காது போன பிளாஸ்டிக் வாளி, ஓட்டை விழுந்த குடம், பழுதாகிப் போன வாஷிங் மெஷின் தொட்டி, எல்லாம் ஆகும். இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கை வாயை மடித்துப் பாதி நிரப்பினால் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் வைக்கலாம். சாக்கு நேர் வெயிலில் ஒரு வருடம்தான் தாங்கும், அதனால் நிழல் விழுகிற பக்கம் வையுங்கள். நாற்று விட இளநீர்க் குடுக்கையும் தேங்காய்ச் சிரட்டையும் இருக்கின்றன.

மாடி தாங்குமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். இருபது லிட்டர் வாளி முழுக்க மண் போட்டால் முப்பது கிலோ. அதனால்தான் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மக்கிய இலையும் உரமும் என்று கலக்கச் சொல்கிறேன். கனமான தொட்டிகளை மாடியின் நடுவில் வைக்காமல் கீழே சுவர் வருகிற ஓரமாக வையுங்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் நிற்காது. இதற்கும் கோகோ பீட் கட்டிதான் ஒரே வழி என்று சொல்வது கடைக்காரர் பேச்சு.

பாட்டில்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. பஞ்சகவ்யத்தை விவசாயிகளிடம் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய், இவற்றோடு கரும்புச் சாறு, இளநீர், வாழைப்பழம் என்று செய்முறையை ஒளிவு மறைவில்லாமல் எல்லோருக்கும் சொன்னார். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்தால் போதும் என்று அளவையும் சொன்னார்கள். நம்மாழ்வார் ஐயா 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதைத்தான்: உழவன் தன் இடுபொருளைத் தானே செய்துகொள்ள வேண்டும், கடையை நம்பி இருக்கக்கூடாது. அவர்கள் கடையிலிருந்து விடுபடச் சொல்லிக் கொடுத்ததை எடுத்துப் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, நமக்கே விற்கிறார்கள். சில பாட்டிலில் நம்மாழ்வார் படத்தையும் ஒட்டிவிடுகிறார்கள்!

மாடு இல்லாத வீட்டில் பஞ்சகவ்யம் செய்வது சிரமம், ஒப்புக்கொள்கிறேன். மீன் அமிலம் செய்ய மாடு வேண்டாம். மீன் கடையில் கழித்துப் போடுகிற செதிலும் குடலும் ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ, மூடி போட்ட டப்பாவில் ஒரு மாதம். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி. பூச்சிக்கு வேப்பங்கொட்டை இருக்கிறது. ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். தேவைப்படும்போது 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்து, காலையில் துணியில் வடிகட்டி, ஒட்டிக்கொள்வதற்குக் கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். அசுவினிக்கு அடுப்புச் சாம்பல் தூவினாலே பாதி போய்விடும். இறைச்சி சாப்பிடாதவர்கள் மீனை விட்டுவிடுங்கள், அரிசி கழுவிய தண்ணீரும் மக்கிய உரமும் போதும்.

விதைக்கு வருவோம். பாக்கெட்டில் வருகிற காய்கறி விதைகளில் பல வீரிய ஒட்டு, அதாவது ஹைப்ரிட். முதல் தடவை நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி தாயைப் போல, ஒரு செடி தகப்பனைப் போல, இன்னொன்று யாரையும் போல் இல்லாமல் வரும். ஆகவே வருடா வருடம் பாக்கெட். நாட்டு விதையோ, ரகம் என்று சொல்லப்படும் விதையோ அப்படியில்லை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளியின் விதையை எடுத்து மறுபடி போட்டால் அதே தக்காளி வரும். ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரை ஓடும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு, வெண்டை இவற்றில் விதை எடுப்பது சுலபம். நல்ல செடியில் நல்ல காயாகப் பார்த்து முற்ற விட வேண்டும், அவ்வளவுதான். தக்காளி விதையைச் சாம்பலில் பிசறி நிழலில் உலர்த்துவார்கள். பூசணி, பீர்க்கு விதையைச் சாணத்தில் பொதிந்து வறட்டியாகச் சுவரில் தட்டி வைப்பார்கள். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுப்படியே ஒரு விதைக் கடைதான். அஞ்சறைப் பெட்டியில் வெந்தயமும் கடுகும் இருக்கிறது. மளிகைச் சாமானில் வந்த கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் முளைக்கும். வாங்கி வந்த புதினாக் கட்டில் இலையை ஆய்ந்த பிறகு தண்டை ஊன்றுங்கள். பொன்னாங்கண்ணி, பசலை, வல்லாரை எல்லாம் தண்டிலேயே வரும். முளைவிட்ட சேம்பு, இஞ்சி, சர்க்கரைவள்ளியைத் தூக்கிப் போடாதீர்கள். கறிவேப்பிலை மரத்தடியில் கன்று முளைத்திருக்கும், பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். அப்படிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தானே நாம் கடைக்குப் போகிறோம்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுப்பார். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நாலு கிலோ அடுத்த இரண்டு பேருக்குப் போகும். 2018-இல் அவர் காலமானார். அழிந்து போயிற்று என்று நினைத்த எத்தனையோ நெல் ரகங்கள் இந்த வழியில்தான் மறுபடி வயலுக்கு வந்தன. நமக்கு வயல் இல்லை. ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் அவரை விதையையும் கீரை விதையையும் மாற்றிக்கொள்ள வயல் எதற்கு?

செடியோடு இது முடியவில்லை. கையால் செய்கிற எல்லாவற்றிலும் இதே வியாதி பரவியிருக்கிறது. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குக் கைவேலை கற்றுக் கொடுக்கிறோம் என்று கிட் விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் வெட்டி வைத்த காகிதம், ஒட்டத் தயாரான பசை, எந்த எண்ணை எந்த எண்ணோடு சேர்க்க வேண்டும் என்று படம். குழந்தை செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நம் ஊர்க்காரர் ஜி.டி.நாயுடு வாலிபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அந்த மனிதர் பிறகு சவரக் கருவி, ரேடியோ, பருத்தி, பப்பாளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எதையும் பிரித்துப் பார்க்கிற கையும், இது வேறு எதற்கு உதவும் என்று யோசிக்கிற மூளையும்தான் அவருடைய முதல். அந்த ஊரில் பிறந்த பேரப்பிள்ளைக்கு நாம் எண் போட்ட அட்டையை வாங்கிக் கொடுக்கிறோம்.

அவனிடம் ஒரு உடைந்த குடையைக் கொடுங்கள். கம்பியைப் பிரித்துக் கொடி ஏறப் பந்தல் செய்யட்டும். நைந்த நூல் புடவையைக் கிழித்துச் செடி கட்டும் நாடா ஆகட்டும். மீதிப் புடவையை நாலு கம்பில் கட்டினால் சித்திரை வெயிலுக்கு நிழல் வலை. ஒரு மண்கலயத்தைத் தொட்டியில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் சுவர் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும், இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. சொட்டுநீர் செட்டுக்குக் கொடுக்கிற காசில் எத்தனை கலயம் வரும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் 300 கிராம், வெல்லம் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு அடைத்து, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட்டு, மூன்று மாதம் வைத்தால் தரை துடைக்கும் திரவம் தயார். அதை வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கை உரத் தொட்டிக்கு. இந்தச் சங்கிலியில் எங்கேயும் பில் கிடையாது.

"இதெல்லாம் கஞ்சத்தனம்" என்று சிலர் சொல்வார்கள். கஞ்சன் தனக்கும் செலவழிக்க மாட்டான், பிறருக்கும் கொடுக்க மாட்டான். சிக்கனக்காரன் வீட்டில் எப்போதும் கொடுக்க ஏதாவது இருக்கும். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கை கீரை, நாலு விதை. 1965-இல் நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார், தில்லியில் தன் வீட்டுப் புல்வெளியை உழுது பயிர் போட்டார். ரேஷனில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். அவரை யாரும் கஞ்சன் என்று சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் "எங்களுக்கு நேரம் இல்லை" என்று சொல்லும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். ஓய்வு பெற்ற நாம் சொன்னால் சிரிப்பு வராதா? முழங்கால் வலிக்கிறது என்றால் தொட்டியை ஸ்டூல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். குனிய வேண்டாம்.

எதையுமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல இரும்பில் அடித்த ஒரு களைக்கொத்து வாங்குங்கள், இருபது வருடம் வரும். ஒட்டு மாங்கன்றை நாற்றுப் பண்ணையில்தான் வாங்க வேண்டும். மாடு வைத்திருப்பவரிடம் ஒரு மூட்டைத் தொழுவுரம் வாங்கினால் அந்தக் காசு நேராக அவர் கைக்குப் போகும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுப்பதை வாங்கியவர்கள் அதை வைத்து ஆரம்பிக்கட்டும், தவறில்லை. இரண்டாம் வருடமும் அதே பொருளுக்காகக் காத்திருந்தால்தான் தவறு.

இவ்வளவு தூரம் நான் மெனக்கெட்டு எழுதக் காரணம் என் பென்ஷன் பணமோ நண்பரின் 16,400 ரூபாயோ இல்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாள் லைன் வீட்டில் குடியிருக்கிறார். வீட்டு முன்னால் நல்ல வெயில் விழுகிற இடம். ஒருநாள் கேட்டேன்: "ஏன் அம்மணி, அவ்வளவு இடம் இருக்கே, ரெண்டு செடி வெக்கலாமில்ல?"

"அதெல்லாம் பெரிய ஊட்டுக்காரங்க வேலைங்க ஐயா. பையி, தேங்கா நார்த்தூளு, மருந்து எல்லாம் வாங்கோணுமில்லீங்க? நமக்கெங்கீங்க கட்டுபடியாகும்?" என்றார்.

அவர் அன்னூர்ப் பக்கத்து விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். "உங்க அம்மா ஒண்ணும் வெக்கலியா?" என்று கேட்டேன். "சாளை மேல சொரக்கொடி ஏத்தி உட்ருக்கும். பொடக்காலில அவரை, மொளகா எல்லாம் இருக்கும். ஆனா அது வேறீங்க, அது சும்மா மொளச்சது."

சும்மா முளைத்ததாம். அவருடைய அம்மா தண்ணீர் சுமந்து, சாம்பல் தூவி, விதையை வறட்டியில் பொதிந்து காப்பாற்றி, ஐந்து பிள்ளைகளுக்குக் காய் போட்டது சும்மா. மொட்டை மாடியில் நாம் பணத்தைக் கொட்டி எடுத்த ஐந்து கிலோ தக்காளிக்குப் பெயர் தோட்டம். காசு போடாத எதுவும் கணக்கில் வராது என்று அவர் மனதில் பதிய வைத்தது நாம்தான். நம் மாடியைப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றுக்கொண்டார். கீரை கட்டு இருபது ரூபாய் விற்கிற நாளில், உண்மையிலேயே வீட்டுத் தோட்டம் தேவைப்படுகிறவர் இது தனக்கில்லை என்று ஒதுங்கி நிற்கிறார். நமக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு அது பிள்ளைகளின் தட்டில் விழ வேண்டிய காய். அன்று கொடுத்த நாலு கொடியவரை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். கூடவே ஒரு பெயின்ட் பக்கெட்டும் கொடுத்தேன். "இதுக்கு எவ்வளவுங்க ஐயா?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விதான் என்னை இன்னமும் உறுத்துகிறது.

ஆகவே, மாடியில் தோட்டம் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தைப் பார்க்க யாராவது வந்தால், எங்கே வாங்கியது, என்ன விலை என்று சொல்வதை நிறுத்துங்கள். எப்படிச் செய்தது என்று சொல்லுங்கள். போகும்போது கையில் ஒரு தண்டு, ஒரு பொட்டலம் விதை கொடுத்து அனுப்புங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடிக்கு முன்னால் ஒரு பக்கெட் உரமும் ஒரு டப்பா விதையும் வீட்டிலேயே தயாராக இருக்கட்டும். ஓட்டை வாளியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.